புதிய வாசகருக்காகப் பழைய கதையுலகை அழிக்க வேண்டியதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸ் நிறுவனங்கள் தங்கள் கதையுலகை அவ்வப்போது கலைத்துவிட்டு, முதல் இதழ் என்று எண்ணிட்டு மீண்டும் தொடங்கும் வழக்கத்தைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். எண்பது ஆண்டுக் கதைச் சுமையைப் புதிய வாசகர் தலையில் ஏற்றாமலிருக்க அது ஒன்றே வழி என்றும், தமிழில் காமிக்ஸ் வெளியிடுவோரும் பழைய நாயகர்களுக்கு விடை கொடுத்துவிட்டு அவ்வாறே புதுக்கணக்குத் தொடங்க வேண்டும் என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். அவருடைய அக்கறை நியாயமானது. ஆனால் அவர் காட்டும் சான்றுகளையே சற்று நெருங்கிப் பார்த்தால், புதியவருக்குத் தடையாக இருப்பது கதையின் வயது அல்ல என்பதும், கலைத்துத் தொடங்குவதால் அந்தத் தடை நீங்கியதே இல்லை என்பதும் தெரியவரும். சிறு வயது முதல் தமிழிலும், பிற்காலத்தில் ஆங்கிலத்திலும் இக்கதைகளைத் தொடர்ந்து படித்துவருபவன் என்ற முறையில் சில விவரங்களைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

இந்தச் சிக்கல் எங்கே தொடங்கியது என்பதை முதலில் சொல்ல வேண்டும். இன்று டி.சி. என்று அறியப்படும் பதிப்பகத்தின் இதழ்களில் சூப்பர்மேன் 1938-இலும் பேட்மேன் 1939-இலும் தோன்றினார்கள். 1940-ஆம் ஆண்டு முடிவதற்குள் ஜஸ்டிஸ் சொசைட்டி என்ற பெயரில் பல நாயகர்கள் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்துவிட்டார்கள். ஒருவர் கதையில் நடப்பது மற்றவர் கதையையும் கட்டுப்படுத்தும் என்ற ஏற்பாடு அன்றே முளைவிட்டது. போருக்குப் பின் இவ்வகைக் கதைகளின் விற்பனை சரிந்து, பல நாயகர்கள் மறைந்து, 1956-இல் ஃப்ளாஷ் என்ற பழைய பெயரில் முற்றிலும் புதிய ஒருவர் அறிமுகமானார். பழைய ஃப்ளாஷ் என்ன ஆனார் என்று யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் 1961-இல் பதிப்பகமே முன்வந்து இருவரையும் சந்திக்க வைத்து, பழையவர் வேறொரு பூமியில் வாழ்கிறார் என்று விளக்கம் தந்தது. அந்தக் கதை மிகவும் நன்றாக இருந்தது என்பதுதான் வினையாயிற்று. அடுத்த இருபதாண்டுகளில் இரண்டாம் பூமி, மூன்றாம் பூமி என்று பூமிகள் பெருகின. எந்தக் கதை எந்தப் பூமியில் நடக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்வதே ஒரு தனிப் படிப்பாகிவிட்டது.

டி.சி. நிறுவனம் 1985-இல் இதற்கு ஒரு முடிவு கட்ட முனைந்தது. மார்வ் உல்ஃப்மேன் எழுத, ஜார்ஜ் பெரஸ் வரைய, 12 இதழ்களில் அத்தனை பூமிகளும் அழிந்து ஒன்றே எஞ்சிற்று. சூப்பர்கேர்ள் இறந்தாள், 1956-இல் வந்த ஃப்ளாஷும் உயிர்விட்டார். பெரஸின் சித்திரங்களுக்காகவே அதை இன்றும் எடுத்துப் பார்க்கலாம். ஒரே பக்கத்தில் நூறு பாத்திரங்களை வரைந்தும், ஒவ்வொரு முகத்தையும் தனியே அடையாளம் காணச் செய்தவர் அவர். அதன் பயனாக நல்ல நூல்கள் பிறந்ததையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் துப்புரவு நடந்ததா என்றால், இல்லை. ஹாக்மேன் என்ற ஒரு நாயகரை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்: புதிய உலகில் அவர் முன்பே பிற நாயகர்களோடு சேர்ந்து போரிட்டிருக்கிறார்; பின்னர் அவர் பூமிக்கே இப்போதுதான் வருகிறார் என்று ஒரு தொடக்கக் கதை எழுதப்படுகிறது; முன்பு போரிட்டவர் யார் என்பதை விளக்க இன்னொரு கதை, அதை விளக்க மற்றொன்று என்று அந்த மனிதர் ஆண்டுக்கணக்கில் சின்னாபின்னப்பட்டார். இப்படி மிஞ்சிய முடிச்சுகளை அவிழ்க்க 1994-இல் ஒரு கதை, அதன் பிறகு 2005-இல் மற்றொன்று. இறந்துபோன ஃப்ளாஷும் 2008-இல் திரும்பி வந்துவிட்டார்.

கட்டுரையாளர் பெரிதும் போற்றும் 2011-ஆம் ஆண்டு முயற்சியைத்தான் நான் விரிவாகப் பார்க்க விரும்புகிறேன். அவ்வாண்டு ஆகஸ்ட் 31 அன்று ஜஸ்டிஸ் லீக் முதல் இதழும், செப்டம்பர் மாதம் முழுவதும் மற்ற தலைப்புகளுமாக 52 தொடர்கள் முதல் எண்ணிலிருந்து தொடங்கின. அச்சிதழ் கடைக்கு வரும் நாளிலேயே மின்னிதழும் கிடைக்கும் என்ற ஏற்பாடு உண்மையிலேயே வாசகருக்குச் செய்த நன்மை. அதை நான் குறை கூறவில்லை. கதையுலகில் நாயகர்கள் உலகறியத் தோன்றி ஐந்தாண்டுகளே ஆகின்றன என்று புதுக்கணக்கு எழுதப்பட்டது. ஆனால் பேட்மேன் கதைகளும் கிரீன் லேண்டர்ன் கதைகளும் அப்போது நன்றாக விற்றுக்கொண்டிருந்தமையால், அவ்விருவருடைய பழைய வரலாறு பெரும்பாலும் தொடப்படவில்லை. விளைவு என்னவென்றால், ஐந்தாண்டுக்குள் பேட்மேன், ராபின் என்ற பெயரில் தமக்குத் துணைநிற்கும் சிறுவர்கள் பலரை அடுத்தடுத்துப் பயிற்றுவித்து முடித்திருக்கவேண்டும்; அவர்களில் கடைசியாக வந்தவன் அவருடைய சொந்த மகன், பத்து வயதுச் சிறுவன். பழைய வாசகர் இதைக் கண்டு சிரித்தார். புதிய வாசகருக்கோ எங்கே சிரிக்கவேண்டும் என்பதே தெரியவில்லை. பாதி அழித்து, பாதி வைத்துக்கொண்ட வீட்டுக்கணக்கு எந்தத் தணிக்கையிலும் தேறாது.

அழிக்கப்பட்டவை எவை என்று பார்த்தால் வருத்தம் கூடுகிறது. சூப்பர்மேனுக்கும் லோயிஸ் லேனுக்கும் 1996-இல் நடந்த திருமணம் நடவாததாக்கப்பட்டது. பேட்கேர்ள் என்ற நாயகியாக இருந்த பார்பரா கார்டன் 1988-இல் சுடப்பட்டுச் சக்கர நாற்காலியில் அமர்ந்தவள்; அந்நாற்காலியில் இருந்தபடியே ஆரக்கிள் என்ற பெயரில் மற்ற நாயகர்களுக்கெல்லாம் தகவல் திரட்டித் தரும் மூளையாக இருபதாண்டுக்கு மேல் விளங்கியவள். 2011-இல் அவள் எழுந்து நடந்து மீண்டும் பேட்கேர்ள் ஆனாள். உடற்குறையுள்ள வாசகர் பலர், தம்மைப் போன்ற ஒருத்தியை இழந்துவிட்டோம் என்று அன்று வெளிப்படையாகவே எழுதினார்கள். மூன்றாமவன் வாலி வெஸ்ட். சிறுவனாக அறிமுகமாகி, தன் குருநாதரான அந்த 1956-ஆம் ஆண்டு ஃப்ளாஷ் இறந்தபின் அப்பட்டத்தை ஏற்று, ஒரு தலைமுறை வாசகர்களோடு சேர்ந்து வளர்ந்தவன். அவன் இருந்த சுவடே இல்லாமல் போயிற்று. ஐந்தாண்டு கழித்து, 2016-இல், இதே நிறுவனம் வெளியிட்ட மீட்புக் கதையில் இந்த வாலி வெஸ்ட்தான் காலத்தின் இடுக்கில் சிக்கிக்கொண்டு, தன்னை யாராவது நினைவுகூர மாட்டார்களா என்று ஒவ்வொருவரிடமாகச் சென்று கெஞ்சுகிறான். ஜெஃப் ஜான்ஸ் எழுதிய அக்கதையைப் படித்தபோது, பதிப்பகம் தன் வாசகரிடம் மன்னிப்புக் கேட்பதாகவே எனக்குத் தோன்றிற்று. அவ்வாண்டே பழைய சூப்பர்மேன், மனைவியோடும் மகனோடும் திரும்பி வந்தார்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒரு கூட்டல் கணக்கு. சூப்பர்மேன் கதைகள் வரும் ஆக்‌ஷன் காமிக்ஸ் 2011-இல் 904-ஆம் இதழோடும், பேட்மேன் கதைகள் வரும் டிடெக்டிவ் காமிக்ஸ் 881-ஆம் இதழோடும் நிறுத்தப்பட்டு, இரண்டும் முதல் எண்ணிலிருந்து புதிதாகத் தொடங்கி 52 இதழ்கள் வரை ஓடின. 2016-இல் பழைய எண்ணிக்கைக்குத் திரும்ப முடிவெடுத்தபோது, இடையில் வந்த 52-ஐயும் கூட்டி, முன்னது 957 என்றும் பின்னது 934 என்றும் தொடர்ந்தன. புதிய வாசகரை அச்சுறுத்தும் என்று எந்த எண்ணைக் கைவிட்டார்களோ அதே எண்ணை எடுத்து அட்டையில் பெருமையாகப் போட்டுக்கொண்டார்கள். 2018-இல் ஆக்‌ஷன் காமிக்ஸும் 2019-இல் டிடெக்டிவ் காமிக்ஸும் ஆயிரமாவது இதழைத் தொட்டபோது அவை திருவிழாவாகவே கொண்டாடப்பட்டன.

அப்படியானால் முதல் எண்ணை ஏன் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்? அதற்கான விடை கடை முறையில் இருக்கிறது. எழுபதுகளிலிருந்து அமெரிக்காவில் காமிக்ஸ் இதழ்கள் மெல்ல மெல்லத் தெருமுனைப் பத்திரிகைக் கடைகளை விட்டு நீங்கி, காமிக்ஸ் மட்டுமே விற்கும் சிறப்புக் கடைகளுக்குப் போயின. அக்கடைகள் தள்ளுபடி விலையில் வாங்குகின்றன. விற்காத பிரதிகளை, பெரும்பாலும், திருப்பித் தர முடியாது. பதிப்பகத்தைப் பொறுத்தவரை விற்பனை என்பது வாசகர் வாங்குவதன்று. கடைக்காரர் முன்கூட்டியே கொடுக்கும் ஆர்டர்தான். முதல் இதழ் என்றால் சேகரிப்போர் வாங்குவார்கள், ஒரே இதழுக்கு வெவ்வேறு படங்களோடு வரும் மாற்று அட்டைகளை வைத்து ஒருவரிடமே இரண்டு மூன்று பிரதிகள் விற்கலாம் என்று கடைக்காரர் துணிந்து கூடுதலாக எடுக்கிறார். இரண்டாம் இதழிலேயே ஆர்டர் சரியத் தொடங்குகிறது. 2011-இல் தொடங்கிய அந்த 52 தொடர்களில் ஆறு, எட்டாம் இதழோடு நிறுத்தப்பட்டதும் இதனால்தான். முதல் எண் என்பது ஏற்கெனவே கடைக்கு வந்துகொண்டிருப்பவருக்கு விரிக்கப்படும் வலை. கடையின் இருப்பிடமே தெரியாதவரை அது எட்டுவதில்லை.

டி.சி.யின் போட்டியாளரான மார்வெல் நிறுவனம் தன் உலகை அவ்வாறு ஒட்டுமொத்தமாக அழிக்கவில்லை. காலத்தை நகர்த்திக்கொண்டே வந்தது. 1963-இல் அயர்ன் மேன் காயம்பட்டது வியட்நாமில். வாசகர் தலைமுறை மாறியபோது அந்த இடம் ஆப்கானிஸ்தான் ஆயிற்று. பின்னர் எந்த ஆண்டுக்கும் பொருந்தும்படி ஒரு கற்பனை நாட்டுப் போராகவும் மாற்றப்பட்டது. கதையின் எலும்பு அப்படியே இருக்கிறது, ஆண்டு மட்டும் நழுவுகிறது. இது சிறந்த ஏற்பாடு என்று நான் நினைத்தாலும், எண் விஷயத்தில் மார்வெலும் இதே வலையில் விழுந்தது. அமேசிங் ஸ்பைடர்மேன் முதல் இதழ் வெளிவந்தது 1963-இல். அதற்குப் பிறகு 1999, 2014, 2015, 2018, 2022, 2025 ஆகிய ஆண்டுகளிலும் அதே தலைப்பில் முதல் இதழ் என்று எண்ணிட்டு வந்திருக்கிறது. வேலூரில் கல்லூரியில் படிக்கும் என் அக்காள் மகள், திரைப்படம் பார்த்த ஆர்வத்தில், "மாமா, ஸ்பைடர்மேன் மொத இதழ் எது, அதுலேருந்து ஆரம்பிக்கிறேன்" என்று கேட்டபோது, ஏழில் எது என்று நான் திருப்பிக் கேட்க நேர்ந்தது. எளிமைக்காகச் செய்த ஏற்பாடு அந்த ஒரு கேள்விக்கே விடை இல்லாமல் செய்துவிட்டது. அவள் அத்தோடு விட்டுவிட்டு மங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதைகள் பக்கம் போய்விட்டாள். 1997 முதல் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கும், நூறு தொகுதிகளைத் தாண்டிய கடற்கொள்ளையர் தொடர் ஒன்றை முதல் தொகுதியிலிருந்து படித்துவருகிறாள். நூறு தொகுதி என்ற எண் அவளை அச்சுறுத்தவில்லை. ஒன்றுக்குப் பின் இரண்டு, இரண்டுக்குப் பின் மூன்று என்ற உறுதி அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

நெடுங்கதையின் நடுவில் வந்து சேர்பவரை எப்படி வரவேற்பது என்பதை வட ஆர்க்காட்டுக்காரர்களாகிய நமக்கு அமெரிக்கர்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. திரௌபதியம்மன் கோயில் விழாவில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்துமாகப் பல நாட்கள் நடப்பதைத் தங்கள் வாசகர்களில் பலர் இன்றும் காண்கிறார்கள். பகடை துகில் நடந்த இரவில் வராத ஒருவர், வேலை முடித்துக் கடைசிப் பேருந்தில் இறங்கி, கர்ண மோட்சத்தன்று கூட்டத்தின் ஓரத்தில் வந்து அமர்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவர் திரை பிடித்திருக்க, திரைக்குப் பின்னிருக்கும் வேடத்தைப் பார்த்துக் கட்டியங்காரன் தாங்கள் யார், எந்த நாடு, யார் பிள்ளை, இங்கு வந்த காரியம் என்ன என்று கேட்கிறான். வேடக்காரர் விருத்தமாகவும் தருவாகவும் தம் குலத்தையும் பகையையும் பாடிய பின்னரே திரை விலகுகிறது. பத்து நிமிடத்தில் வந்தவருக்குத் தேவையானது கிடைத்துவிட்டது. முதல் நாளிலிருந்து பார்த்துவருபவருக்கும் சலிப்பில்லை, ஏனெனில் அதே செய்தியை அன்றைய நடிகர் எப்படிப் பாடுகிறார் என்பதில்தான் அவருடைய ஆர்வம். புதியவர் வந்திருக்கிறார் என்பதற்காகப் பாண்டவர் வனவாசத்தை யாரும் இல்லாததாக்கவில்லை.

காமிக்ஸ் உலகிலும் இந்தக் கட்டியங்காரனின் வேலையைச் செய்தவர்கள் உண்டு. 1936-இல் லீ ஃபால்க் தொடங்கிய வேதாளர் கதைகளில், தாமதமாக வந்து சேர்ந்தோருக்காக என்று சொல்லி, மண்டையோட்டுக் குகையும், கடற்கொள்ளையருக்கு எதிரான உறுதிமொழியும், தந்தைக்குப் பின் மகன் என்று 21 தலைமுறையாக ஒரே முகமூடி கைமாறி வருவதும் இரண்டு மூன்று கட்டங்களில் சொல்லப்பட்டுவிடும். நம்மில் பலர் ராணி காமிக்ஸில் அவரை முகமூடி வீரர் மாயாவியாகச் சந்தித்தோம். எத்தனையாவது கதையில் சந்தித்தோம் என்பது யாருக்கும் நினைவில்லை, அது தேவையாகவும் இருக்கவில்லை. மார்வெலின் எழுபதுகள் காலத்து இதழ்களிலும் முதல் பக்கத்தின் தலையில் நாயகர் யார், அவருக்கு ஆற்றல் எப்படி வந்தது என்று நான்கைந்து வரி அச்சிட்டிருப்பார்கள். உரையாடலில் பழைய நிகழ்ச்சி ஏதேனும் வந்தால், அது எந்த இதழில் நடந்தது என்று கட்டத்தின் அடியில் ஆசிரியர் குறிப்பும் இருக்கும். ஒவ்வோர் இதழும் எவரோ ஒருவருக்கு முதல் இதழ் என்று எண்ணி எழுத வேண்டும் என்பது அந்நாளில் ஆசிரியர்கள் வலியுறுத்திய விதி. பிற்காலத்தில் ஆறு இதழ் சேர்ந்தால் ஒரு தொகுப்பு நூல் என்ற வணிக நோக்கில் கதைகளை நீட்டத் தொடங்கியபோது, இவை பழம்பாணி என்று கைவிடப்பட்டன. கதவைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, வீட்டையே இடித்தால்தான் உள்ளே வர முடியும் என்று இன்று சொல்கிறார்கள்.

இத்தாலியின் டெக்ஸ் வில்லரைத் தமிழ் வாசகர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1948-இல் தோன்றிய அந்தக் கௌபாய் நாயகரின் மாத இதழ், எண்ணைக் கலைக்காமலேயே 2019-இல் 700-ஐத் தொட்டது. ஒரு கதை ஓரிரு இதழ்களில் முடிந்துவிடும். அடுத்த கதைக்கு முன்னது தெரிந்திருக்க வேண்டியதில்லை. நெடுநாள் வாசகருக்கு மட்டும் பழைய பகைவன் ஒருவன் திரும்பி வரும்போது கூடுதலான ஒரு சுவை. அமெரிக்கச் சூழலிலேயே வேறு சான்று வேண்டுமென்றால், பேட்மேனின் முதலாண்டுக் கதையைப் பாருங்கள். ஃபிராங்க் மில்லர் எழுதி டேவிட் மாசுகெல்லி வரைந்து 1987-இல் வந்த அது, புதிதாகப் படிக்க வருபவருக்கு இன்றும் முதலில் பரிந்துரைக்கப்படும் நூல்களில் ஒன்று. அது எந்தத் தொடரின் முதல் இதழாகவும் வரவில்லை. பேட்மேன் மாத இதழின் 404 முதல் 407 வரையிலான நான்கே எண்களில் வந்தது. 2014-இல் தொடங்கிய மிஸ் மார்வெல் தொடரில் ஜெர்சி நகரத்துப் பாகிஸ்தானிய அமெரிக்க மாணவி கமலா கான் நாயகியானபோதும், ஐம்பதாண்டு மார்வெல் உலகம் அப்படியேதான் இருந்தது. அவள் அவ்வுலகின் நாயகர்களைப் பார்த்து வியக்கும் ரசிகையாகவே அறிமுகமாவதால், அவளுக்குத் தெரிந்தது மட்டும் நமக்குத் தெரிந்தால் போதும். மறு ஆண்டே அதன் முதல் தொகுப்புக்கு, அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்கும் வழங்கப்படும் ஹியூகோ விருது கிடைத்தது. மேல்விஷாரத்திலோ வாணியம்பாடியிலோ ஒரு பள்ளி மாணவி அந்நூலைக் கையில் எடுத்தால், தொழுகைக்கும் வீட்டுக் கட்டுப்பாட்டுக்கும் தோழிகளுக்கும் நடுவே கமலா படும் பாட்டைப் புரிந்துகொள்ள அவளுக்கு எந்த முன்கதையும் வேண்டியிராது.

புதிய தொடக்கமே கூடாது என்பது என் வாதமன்று. பழையதை அழிக்காமல், பக்கத்து மனையில் இன்னொரு வீடு கட்டிக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. அது பலமுறை பலித்திருக்கிறது. 2000-ஆம் ஆண்டு மார்வெல் தொடங்கிய அல்டிமேட் வரிசையில், 1962-இல் 11 பக்கத்தில் சொல்லி முடித்த ஸ்பைடர்மேன் பிறப்பை ஏழு இதழ்களில் விரித்து எழுதினார் பிரையன் மைக்கேல் பெண்டிஸ். 2011-இல் மைல்ஸ் மொராலஸ் என்ற சிறுவன் அங்கேதான் பிறந்தான். அந்த வரிசைக்கும் பதினைந்து ஆண்டில் தனிச்சுமை ஏறி 2015-இல் மூடப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2024-இல் மீண்டும் அதே பெயரில் வந்த தொடரில், மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உள்ள நடுவயதுப் பீட்டர் பார்க்கருக்கு அப்போதுதான் சிலந்தி ஆற்றல் கிடைக்கிறது. அவ்வாண்டு அக்டோபரில் டி.சி. தொடங்கிய அப்ஸல்யூட் வரிசையிலோ, பேட்மேனுக்கு மாளிகையும் இல்லை, பணமும் இல்லை; உழைத்துப் பிழைக்கும் ஒரு பொறியாளர் அவர். அம்முதல் இதழ் திரும்பத் திரும்ப மறுபதிப்புக் கண்டது. இரண்டு நிறுவனங்களும் இம்முறை முதன்மை உலகைத் தொடவில்லை. பழைய வாசகரின் சொத்தைப் பறிக்காமல் புதியவருக்கு வேறிடம் ஒதுக்கினார்கள், இருவருமே வாங்கினார்கள். கட்டுரையாளர் தம் வாதத்துக்கு இதைக் காட்டியிருந்தால் நானும் உடன்பட்டிருப்பேன்.

இனித் தமிழ்ச் சூழலுக்கு வருகிறேன். எழுபதுகளின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. 1984-இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்தன. காட்பாடி சந்திப்பிலும் வேலூர் பேருந்து நிலையத்திலும் கயிற்றில் தொங்கிய அந்தச் சிற்றிதழ்கள், பெரும்பாலும் ஆங்கிலேயர்களின் வார இதழ்களில் வாரம் இரண்டு மூன்று பக்கமாக வந்த தொடர்களை ஒரே மூச்சில் படிக்கும்படி தொகுத்துத் தந்தவை. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் மிதக்கும் என்ற ஒரு வரி தெரிந்தால் மாயாவி கதை எதையும் படிக்கலாம். லயனில் வந்த ஸ்பைடரும் (இவர் ஸ்பைடர்மேன் அல்லர்) அப்படித்தான். குற்றவாளியாகத் தொடங்கிப் பின்னர் குற்றவாளிகளை வேட்டையாடிய அந்த விசித்திரமான, தற்பெருமை பிடித்த நாயகரின் கதைகளில் பெரும்பகுதியை எழுதியவர் வேறு யாருமல்லர், சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். அவரைச் சிவகாசி வழியாகப் படித்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அவர் பெயர்கூடத் தெரிந்திருக்கவில்லை. ஒரு நாயகரின் கதை மற்றொருவர் கதையைக் கட்டுப்படுத்தாத அந்த ஏற்பாட்டில், கலைப்பதற்கு ஒரு பொதுவுலகம் நம்மிடம் இருந்ததே இல்லை. அப்படியிருக்க, தமிழ்ப் பதிப்பாளர்கள் எதைக் கலைத்து எதைப் புதிதாகத் தொடங்குவது?

தமிழில் உள்ள உண்மையான சிக்கல் வேறு. லயனும் முத்துவும் 2012-இல் புத்துயிர் பெற்றபின் தாளும் வண்ணமும் உலகத் தரத்துக்கு உயர்ந்தன. ஐரோப்பியக் கதைகளில் மிகச் சிறந்தவை தமிழில் வந்தன. ஆனால் அவை பெருமளவு சந்தாவிலும் இணையவழி விற்பனையிலும் புத்தகக் கண்காட்சிகளிலும் விற்பனையாகின்றன. பேருந்து நிலையக் கடையில் பத்து வயதுப் பிள்ளையின் கண்ணில் தற்செயலாகப் படும் வாய்ப்பு போய்விட்டது. புதிய வாசகர் வராததற்கு மாயாவியின் வயது காரணம் என்று கட்டுரையாளர் சொல்கிறார். மாயாவியைக் கண்ணாலேயே பார்க்காத பிள்ளைக்கு அவர் வயதைப் பற்றி என்ன கவலை? வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019-இல் மூன்றாகப் பிரிந்த நம் பகுதியின் நூலகங்களில் சிறுவர் பிரிவுக்கு வாங்கப்படும் நூல்களில் காமிக்ஸ் எத்தனை என்று யாரேனும் சென்று அலமாரியைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். நான் வழக்கமாகச் செல்லும் கிளையில் கிழிந்த படக்கதை நூல்கள் சில மட்டுமே கிடக்கின்றன. மாவட்ட நிர்வாகங்கள் நடத்தும் புத்தகத் திருவிழாக்களில் காமிக்ஸ் அரங்கைச் சிறுவர் அரங்குகளுக்கு அருகில் அமைத்தாலே பாதி வேலை முடியும். கடந்த முறை நான் பார்த்த ஒரு கண்காட்சியில் அது போட்டித் தேர்வு நூல்களுக்கு நடுவில் இருந்தது. வாங்க வந்தவர்களில் பெரும்பாலோர் என் வயதினர்.

பதிப்பாளர்களிடமும் ஒரு குறை உண்டு. தொகுப்பு நூல்களில் சில வேளைகளில் நெடுந்தொடரின் நடுப்பகுதி எந்த முன்னுரையும் இன்றி வந்துவிடுகிறது. பின்னட்டையில் கதைச்சுருக்கத்துக்குப் பதிலாக அடுத்த வெளியீடுகளின் விளம்பரம் இருக்கிறது. பழைய வாசகர் அதைப் பொறுத்துக்கொள்வார், ஏனெனில் அவருக்கு எல்லாம் தெரியும். புதியவர் நூலைக் கீழே வைத்துவிடுவார். நாயகர் யார், இந்தக் கதை தனியே நிற்பதா, தொடரின் பகுதி என்றால் எத்தனையாவது என்று மூன்று வரி அச்சிட எந்தப் பதிப்பகத்துக்கும் செலவு கூடிவிடாது.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. தமிழ் வார இதழ்கள் நெடுங்காலமாகத் தொடர்கதைகளுக்கு முன்கதைச் சுருக்கம் வெளியிட்டுவந்தன. எத்தனையோ பேர் பதினைந்தாம் அத்தியாயத்தில் நுழைந்து கடைசிவரை படித்தது அந்தக் கட்டத்தின் துணையால்தான். தங்கள் சிறுவர் பக்கத்தில் வாரந்தோறும் வரும் படக்கதைத் தொடருக்கு அத்தகைய சுருக்கம் இப்போது இல்லை. தலைப்புக்குக் கீழே இரண்டு வரி இடம் ஒதுக்கி, சென்ற வாரம் வரை நடந்ததையும் நாயகர் யார் என்பதையும் சொல்லிவிட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்தை முதன்முதலாகப் புரட்டும் பிள்ளையும் அன்றே படிக்கத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்.